அண்டைவீட்டு முயலை எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: அக்கா, நாங்கள் சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீட்டில் இருக்கிறோம். எங்கள் மாடியிலேயே நான்கு வீடு தள்ளி இருக்கும் அக்கா, 2023 சீனப் புத்தாண்டுக்கு முயல் ஆண்டு என்று மகன் கேட்டானே என்று ஒரு முயல் வாங்கிக் கொடுத்தார்கள். இப்போது பையன் உயர்நிலைப் பள்ளி, டியூஷன் என்று ஓடுகிறான். முயல் காரிடாரில் கம்பிக் கூண்டில் கிடக்கிறது. மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக அதன்மேல்தான் அடிக்கிறது, தண்ணீர் பாட்டில் பாதி நாள் காலி, நகம் கொக்கி மாதிரி வளைந்துவிட்டது. போகும்போது வரும்போது நான்தான் கொத்தமல்லி போடுகிறேன். போன வாரம் அந்த அக்காவே, "உனக்கு வேணும்னா எடுத்துக்கோம்மா, எனக்கும் நிம்மதி" என்றார்கள். எனக்கு முயல் வளர்த்துப் பழக்கம் இல்லை. வாங்கி, குளிப்பாட்டிச் சுத்தப்படுத்தி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று யோசனை. கணவர், "நமக்கு எதுக்கு வம்பு, டவுன் கவுன்சிலுக்குப் புகார் பண்ணிட்டு விடு" என்கிறார். மாமியார் வீடு நாறும் என்கிறார். எடுக்கலாமா, வேண்டாமா?
(ஈசூன் வாசகி)

பதில்: எடுக்கலாம். ஆனால் இரண்டு வாரத்தில் ஆள் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்ற கணக்கோடு எடுக்காதீர்கள், அந்தக் கணக்கு எனக்குத் தெரிந்து யாருக்கும் சரியாக வந்ததில்லை. எல்லோரும் கேட்பது உள்ளங்கையில் அடங்கும் குட்டி முயலைத்தான். வயது மூன்றைத் தாண்டி, டாக்டரையே பார்க்காத முயலுக்கு ஆள் வர மாதக்கணக்கில் ஆகலாம். ஒருமுறை நான் 'பள்ளி விடுமுறை முடிவதற்குள்' என்று சொல்லி வாங்கிய சாம்பல் நிற முயல் பதினோரு மாதம் எங்கள் வீட்டுத் துணி காயும் அறையிலேயே குடியிருந்தது. அதனால் வீட்டில் உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம் ஒன்றுதான்: ஆறு மாதமாகியும் யாரும் வரவில்லை என்றால் இது நம் வீட்டிலேயே இருக்கலாமா? மாமியார் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது தலையாட்டினால் எடுங்கள். ஆறு மாதம் என்று சொன்னதுமே சண்டை வந்தால் எடுக்காமலே உதவவும் வழி உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். முயலுக்கு ஆயுசு எட்டு முதல் பன்னிரண்டு வருடம், முயல் ஆண்டுதான் ஒரே வருடத்தில் முடிந்துபோகும்.

கணவர் சொல்கிற புகார் யோசனையைக் கொஞ்சம் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். டவுன் கவுன்சிலுக்கு எழுதினால் அவர்கள் காரிடாரில் கூண்டு வழியை அடைக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். கூண்டு மறுநாளே வீட்டுக்குள் பால்கனிக்கோ சமையலறைப் பின்பக்கத்துக்கோ போய்விடும், அப்புறம் நீங்கள் கொத்தமல்லிகூடப் போட முடியாது. யார் எழுதியது என்று அந்த மாடி முழுக்கத் தெரிந்தும்விடும். அந்த அக்கா தானாகவே "எடுத்துக்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள், இதைவிடப் பெரிய வசதி கிடைக்காது. "எப்படி இப்படிப் போட்டு வைத்தீர்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடாதீர்கள், வாய் துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். ஏதாவது பலகாரம் எடுத்துக்கொண்டு போய், "அன்னைக்குச் சொன்னீங்களே, நெஜமாவா அக்கா?" என்று கேளுங்கள். சரி என்றால், முயலை உங்களிடம் கொடுத்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பச் சொல்லி வாங்கி வையுங்கள். சட்டப்படி அது அவர்கள் முயல். நான்கு மாதம் கழித்து, கருத்தடையெல்லாம் செய்து, இன்னொரு வீட்டுக்கும் கொடுத்த பிறகு, "பையன் அழுறான், திருப்பிக் கொடு" என்று வந்து நின்றால் அந்த ஒரு வரிதான் உங்கள் பக்கம் பேசும். பையனையும் கூப்பிட்டு ஒருமுறை தடவிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். பதிமூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது 'குளிப்பாட்டி' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பகீர் என்றது. முயலைக் குளிப்பாட்டக் கூடாது. அடிமயிர் நனைந்தால் சீக்கிரம் காயாது, உடம்பு சட்டென்று குளிர்ந்துபோகும், பயத்திலேயே அதிர்ச்சியில் போய்விடுகிற முயல்களும் உண்டு. பின்பக்கம் மூத்திரமும் புழுக்கையும் ஒட்டியிருந்தால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். துடைக்கும்போது தோலை நன்றாகப் பாருங்கள். ஈ முட்டையிட்டுப் புழு வைத்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடவேண்டும், இந்த ஊர் வெயிலுக்கு அது சில மணி நேரத்தில் முற்றிவிடும். தெள்ளுப்பூச்சி இருக்கிறது என்று பூனைக்கு வாங்கிய ஃபிப்ரோனில் மருந்தைத் தடவிவிடாதீர்கள், முயலுக்கு அது விஷம். காதைப் பிடித்துத் தூக்குவது சினிமாவில் பார்ப்பதோடு போகட்டும். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, இன்னொரு கை பின்பக்கத்தைத் தாங்கியபடி, உங்கள் வயிற்றோடு அணைத்துத் தூக்குங்கள். பயந்து பின்காலை உதறினால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும் அளவுக்கு அதன் எலும்பு மெல்லிசு.

தூக்கினதும் பின்னங்காலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். நாய்க்கும் பூனைக்கும் இருப்பதுபோல் முயலுக்குப் பாதத்தில் மெத்தை கிடையாது, மயிர்தான் மெத்தை. வருடக்கணக்கில் கம்பித் தரையில் நின்ற முயலுக்குக் குதிகால் பக்கம் மயிர் உதிர்ந்து, பைசா அளவுக்குச் சிவந்து, சில சமயம் பொருக்குத் தட்டிப் புண்ணாகவே இருக்கும். அந்த அக்கா கூண்டையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதில் போடாதீர்கள். நாய்க்குட்டிக்கு விற்கும் மடக்குத் தடுப்பை வாங்கி அறையின் ஒரு மூலையில் போட்டு, கீழே பாயோ பழைய கம்பளமோ விரித்தால் போதும். வெறும் டைல்ஸில் கால் வழுக்கும், ஆனால் படுக்க ஓரமாக ஒரு டைல் துண்டு வைத்தால் குளுமைக்கு அதிலேயே போய் நீட்டிப் படுக்கும். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 28, 29 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கத் தொடங்கும், நம் மத்தியானமோ 31, 32. மின்விசிறி, நிழல், துண்டில் சுற்றிய உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்று, இவ்வளவு கட்டாயம். வயர் எதுவும் எட்டுகிற இடத்தில் இருக்கக் கூடாது.

சாப்பாட்டில்தான் புதிதாக எடுப்பவர்கள் தவறு செய்கிறார்கள், அதுவும் பாசத்தினால். பாவம், பட்டினி கிடந்தது என்று முதல் நாளே கேரட், ஆப்பிள், ரொட்டி என்று கொட்டுவார்கள். முயலின் வயிறு நார்ச்சத்தில் ஓடும் இயந்திரம், தின்பதில் எண்பது சதவீதமாவது காய்ந்த புல்லாக இருக்கவேண்டும். வளர்ந்த முயலுக்குத் திமோத்தி புல், எந்நேரமும், எவ்வளவு வேண்டுமானாலும். அதன் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை மென்றால்தான் தேயும். இத்தனை நாள் தின்ற பெல்லட் (உருண்டைத் தீவனம்) பாக்கெட்டின் மிச்சத்தையும் அந்த அக்காவிடம் கேட்டு வாங்குங்கள், திடீரென்று நிறுத்தாமல் ஒன்றிரண்டு வாரத்தில் மெல்ல மாற்றவேண்டும். கொத்தமல்லி, புதினா கொஞ்சம் தரலாம், வெங்காயம் பூண்டு கூடவே கூடாது. பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கனமான கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள்.

தினமும் புழுக்கையைப் பாருங்கள், சிரிக்காதீர்கள். கொண்டைக்கடலை அளவில் உருண்டையாக, பொலபொலவென்று இருந்தால் நல்லது. மிளகு அளவுக்குச் சிறுத்தாலோ, நின்றே போனாலோ ஏதோ சரியில்லை. பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல் மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தால், குடல் நின்றுபோகிறது என்று அர்த்தம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலையில் முயல் இருக்காது. அதனால் முயலை எடுப்பதற்கு முன்பே முயல் பார்க்கும் கால்நடை மருத்துவமனை எது, இரவில் திறந்திருப்பது எது என்று போன் போட்டுக் கேட்டு வையுங்கள், நாய் பூனை பார்ப்பவர்கள் எல்லோரும் முயல் பார்ப்பதில்லை. முதல் வாரமே ஒரு முழுப் பரிசோதனை, நகம் வெட்டுவதும் அங்கேயே ஆகட்டும்.

பெண்ணாக இருந்தால் கருத்தடை செய்தே தீரவேண்டும். செய்யாத பெண் முயலுக்கு வயது ஏற ஏறக் கருப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு ரொம்ப அதிகம். இதெல்லாம் சேர்ந்து சில நூறு வெள்ளி ஆகிவிடும், கணவரிடம் இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாமியாருக்குப் பதில்: முயல் நாறாது, அள்ளாத மூத்திரம்தான் நாறும். கருத்தடை செய்த முயல் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் போகும், அந்த மூலையில் தட்டு வைத்துத் தினமும் மாற்றினால் ஒரு வாடையும் வராது. வீவக வீட்டில் முயல் வளர்க்க அனுமதி உண்டு, அந்தப் பயம் வேண்டாம்.

கொடுக்கும்போது அவசரப்படாதீர்கள். 'இலவசம்' என்று போட்டால் பத்து நிமிடத்தில் ஐந்து பேர் கேட்பார்கள், அதில் நாலு பேர் பிள்ளையின் பிறந்தநாளுக்கு. ஒரு சிறு தொகை கேளுங்கள், மருத்துவச் செலவில் கொஞ்சமாவது வரட்டும். டிசம்பரில் ஊருக்குப் போனால் முயலை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதிப்பேர் காணாமல் போவார்கள். நீங்களே வீட்டுக்குப் போய், எங்கே வைக்கப்போகிறார்கள் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கொடுக்கவேண்டும், ஒத்துவராவிட்டால் உங்களிடமே திருப்பித் தரவேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். ஹவுஸ் ராபிட் சொசைட்டி சிங்கப்பூர் போன்ற அமைப்புகளைக் கேட்டால் தத்தெடுப்பு விஷயத்தில் வழி காட்டுவார்கள்.

சரி, வீட்டில் ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால்? முயல் அங்கேயே இருக்கட்டும், நீங்கள் அங்கே போய்ச் செய்யுங்கள். ஒரு பாக்கெட் புல், கம்பிமேல் விரிக்க ஒரு பாய், வெயிலுக்கு ஒரு மறைப்பு, கனமான தண்ணீர்க் கிண்ணம். "அக்கா, ஆள் கிடைக்கிறவரைக்கும் நான் தினமும் ஒருதரம் பார்த்துக்கிறேன், படம் எடுத்து ஆள் தேடவா?" என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். அதற்கும் வழியில்லாமல், தண்ணீர் இல்லாமல் வெயிலில் கிடப்பது தொடர்ந்தால், அப்போது தேதியோடு படம் எடுத்து, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவப் பிரிவுக்கோ விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏவுக்கோ தெரிவிப்பதில் தப்பே இல்லை. உணவும் தண்ணீரும் சரியான இருப்பிடமும் தருவது வளர்ப்பவரின் சட்டக் கடமை.

கேள்வி: எங்களிடம் ஒரு ஆண் முயல் இருக்கிறது. நண்பர் வீட்டில் கவனிக்காமல் விட்ட இன்னொரு ஆண் முயலையும் வாங்கி, துணைக்குச் சேர்த்துவிடலாமா?
(தெம்பனிஸ் வாசகர்)

பதில்: முதலில் அது ஆண்தானா என்று டாக்டரிடம் காட்டுங்கள். பல வருடம் முன்பு ஒரு கடையில் "ரெண்டும் ஆண்" என்று அடித்துச் சொல்லி எனக்குக் கொடுத்தார்கள், சரியாக ஒரு மாதத்தில் ஒரு காலைப்பொழுது கூண்டுக்குள் ஆறு குட்டி. முயலுக்குச் சினைக்காலம் 31 நாள்தான், குட்டி போட்ட அன்றே மறுபடி சினைப்படவும் முடியும். கடைக்காரரிடம் போய்க் கேட்டால், தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று கடைசிவரை "நாங்க கொடுத்தது ஆண்தான்" என்றார்.

ஆணேயானாலும் கருத்தடை இல்லாமல் சேர்த்தால் கடித்துக் குதறிக்கொள்ளும். இரண்டுக்கும் கருத்தடை செய்து, ஹார்மோன் அடங்க ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்து, இரண்டுக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில் தினமும் கொஞ்ச நேரம் பழக்குங்கள். அதற்கு முன் இரண்டு வாரமாவது தனி அறை. 2020 செப்டம்பரில் முயல்களுக்கு வரும் ரத்தக்கசிவு நோய் சிங்கப்பூரில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. தொற்றினால் பிழைப்பது அரிது, தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: மகள் முயலைக் கவனிப்பதில்லை. என் அப்பா, "ஊர்ல முயல் வயக்காட்டுல தானா பொழைக்குது, பூங்காவுல விட்டுடு" என்கிறார். விடலாமா?
(உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: விடக்கூடாது. அப்பா ஊரில் பார்த்தது காட்டு முயல், வேறு பிராணி. அதன் குட்டி பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும், பிறந்த கொஞ்ச நேரத்தில் ஓடத் தயாராகிவிடும். உங்கள் வீட்டில் இருப்பது ஐரோப்பிய முயல் வம்சம், குட்டி கண் மூடி, மயிரில்லாமல் பிறக்கும். தலைமுறை தலைமுறையாகத் தட்டில் தின்ற அதற்குப் பூங்காவில் பாம்பையும் தெரியாது, மழைக்கு ஒதுங்கவும் தெரியாது. தவிர, வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது குற்றம்: முதல் முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மேலே ஈசூன் வாசகிக்குச் சொன்ன மாதிரி ஆள் தேடுங்கள், கிடைக்கும்வரை நீங்களே புல் போடுங்கள்.

கேள்வி: தத்தெடுத்த முயலின் மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது, ரத்தமா?
(புக்கிட் பாத்தோக் வாசகி)

பதில்: பெரும்பாலும் இல்லை. தின்னும் இலை தழையைப் பொறுத்து மஞ்சள், ஆரஞ்சு, செங்காவி வரை போகும், இரண்டொரு நாளில் மாறும். முக்கினாலோ, சொட்டுச் சொட்டாகப் போனாலோ, திட்டுத் திட்டாகச் சிவப்பு தெரிந்தாலோ ஒரு வெள்ளைத் துணியில் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.