பனியில் வியர்க்கும் கைக்கு எந்தக் கையுறை?

கேள்வி: பள்ளத்தூரில் இருக்கிறேன், வயது 31. தினமும் காலையில் கண்மாய்க் கரையில் ஆறு கிலோமீட்டர் ஓடுவேன். போன டிசம்பரில் மணாலியில் பனியில் நடக்கப் போனபோது, வாடகைக்கு எடுத்த தடித்த கையுறைக்குள் கை தொப்பலாக வியர்த்துவிட்டது. போட்டோ எடுக்கக் கழற்றியதும் சில நிமிடங்களில் விரல்கள் மரத்துப்போயின. வருகிற ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் இரண்டு வாரம் பனிச்சறுக்குப் பயிற்சிக்குப் போகிறேன். மற்ற நேரங்களில் அங்கே ஓடவும் நடக்கவும் ஆசை. இந்தத் தடவை எடை குறைந்த, காற்றுப் புகாத கையுறை வாங்கலாம் என்று நினைக்கிறேன். அது ஒன்றே போதுமா? நம் ஊர் வெக்கையில் இருந்துகொண்டு எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: மணாலியில் உங்கள் விரல் மரத்ததற்கு முதல் காரணம் அந்த வியர்வை. சித்திரை வெயிலிலும் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது இல்லையா? பானையின் மேல் கசிந்த ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் கொண்டுபோய்விடுகிறது. பனிக்காற்றில் கழற்றிய உங்கள் ஈரக் கையும் அந்தப் பானை மாதிரிதான். அதோடு, தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு அதிகமாகச் சூட்டைக் கடத்தும். கையுறையின் பஞ்சுக்குள் காற்று நிற்கும் வரைதான் கதகதப்பு. அந்த இடத்தில் வியர்வை ஏறிவிட்டால், எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயன் இல்லை.

எனக்கும் இது பட்டுத் தெரிந்ததுதான். நான் குன்றக்குடிப் பக்கத்துக்காரன். வடக்கே பனிமலைகளுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற வேலையைப் பல வருடம் செய்தேன். ஆரம்பக் காலத்தில் ஒரு குளிர்காலம், உத்தரகண்டில் சுமார் 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்காந்தா உச்சிக்கு விடிகாலையில் ஏறினோம். கையில் இருப்பதிலேயே தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது உள்ளே பிழிகிற அளவுக்கு ஈரம். ஷூ கயிற்றைக் கட்டக் கழற்றி வைத்த கையுறை, திரும்ப எடுப்பதற்குள் அட்டை மாதிரி விறைத்துவிட்டது. இரண்டு விரல் நுனிகள் மெழுகு போல வெளுத்தன. உணர்வு முழுதாகத் திரும்பப் பல நாள் ஆனது. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் கொஞ்சம் விரிவாகவே எழுதத் தோன்றியது.

உடம்பு ஓடிக்கொண்டிருக்கும் போது கைக்குத் தேவை பஞ்சு இல்லை, காற்றுக்கு ஒரு தடுப்பு. மார்கழி விடியலில் காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்கு இருசக்கர வண்டியில் போயிருப்பீர்கள். வாசலில் நிற்கும்போது இதமாக இருக்கும் அதே காற்று, வண்டி கிளம்பியதும் விரல்களைக் குத்தும். பனிச்சறுக்கும் அப்படித்தான். காற்றே வீசாத நாளிலும், நீங்கள் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கினால் அந்த வேகம் முழுவதும் எதிர்காற்றாக வந்து மோதும். வெளியே 0 டிகிரி இருந்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 6 போல உறைக்கும். மைனஸ் 10 இருந்தால் மைனஸ் 20 போல. ஒரு மெல்லிய துணி இந்தக் காற்றை மட்டும் நிறுத்தினாலே, பாதி வேலை முடிந்துவிடும்.

சரி, எந்தத் துணி? காற்றைத் தடுக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நெருக்கமான நெசவு. ஒரு கம்பளி ஸ்வெட்டரில் வாயை வைத்து ஊதுங்கள், மூச்சு அந்தப் பக்கம் போய்விடும். நல்ல அழுத்தமாக நெய்த கண்டாங்கிச் சேலையில் அதே மாதிரி ஊதினால் அவ்வளவு சுலபமாகப் போகாது. இதே வேலையை மிக மெல்லிய நைலான் நூலில் செய்தால் காற்றுத் தடுப்புத் துணி கிடைத்துவிடும். முழுதாக நிறுத்தாது, கொஞ்சம் கசியும். அந்தக் கசிவு வழியாகத்தான் வியர்வையின் ஆவியும் வெளியே போகிறது.

இன்னொன்று, துணிகளுக்கு நடுவே ஒட்டிய சவ்வு. ஒட்டாத தோசைக்கல்லில் பூசும் டெஃப்லான் தெரியும். அதே பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கொண்ட சவ்வாக விரியும் என்பதை 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் கண்டுபிடித்தார். கோர்டெக்ஸ், விண்ட்ஸ்டாப்பர் என்ற பெயர்களில் விற்கும் துணிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. துளைகள் காற்றோட்டத்தை நிறுத்தும் அளவுக்குச் சிறியவை, நீராவி போகும் அளவுக்குப் பெரியவை. இப்போது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் சவ்வு வைத்தும் நிறைய கையுறைகள் வருகின்றன. ஆனால் வெளியே கடுங்குளிராக இருந்தால், ஆவி வெளியேறுவதற்கு முன்பே சவ்வின் உட்பக்கம் பட்டுத் தண்ணீராகிவிடும். கை அதிகம் வியர்க்கிற உங்களுக்கு, உள்ளங்கை, புறங்கை இரண்டிலும் சவ்வு வைத்த கையுறையை நான் சொல்ல மாட்டேன்.

நீங்கள் தேட வேண்டியது, புறங்கையிலும் விரல்களின் மேல்பக்கத்திலும் மட்டும் காற்றுத் தடுப்பு இருந்து, உள்ளங்கை இழுபடும் சாதாரணத் துணியாக இருக்கிற வகை. ஓடும்போதும் ஊன்றுகோல் பிடிக்கும்போதும் காற்று புறங்கையில்தான் அடிக்கிறது. உள்ளங்கை மூடியே இருக்கும், வியர்வையும் அந்தப் பக்கமாக வெளியேறும். ஊன்றுகோல் உரசுகிற கட்டைவிரல் இடுக்கில் மட்டும் தோல் ஒட்டு இருந்தால் சீக்கிரம் கிழியாது. கட்டைவிரலின் முதுகில் துண்டுத் துணி மாதிரி மெத்தென்று ஒரு பட்டை சில கையுறைகளில் இருக்கும். குளிரில் மூக்கு ஓயாமல் ஒழுகும், அதைத் துடைக்கத்தான் அது. போன பிறகு அதன் அருமை தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு வகை. பார்க்க மெல்லிய ஓட்டக் கையுறைதான். மணிக்கட்டுப் பக்கம் சின்னப் பை ஒன்று இருக்கும், அதற்குள் வெற்றிலை மடித்த மாதிரி மெல்லிய நைலான் மூடி. காற்று அடித்தால் அதை இழுத்து நான்கு விரல்களையும் சேர்த்து மூடிக்கொள்ளலாம். ஏற்றத்தில் உடம்பு சூடானால் திரும்ப மடித்துச் செருகிவிடலாம். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி இருந்தால் சூட்டைப் பகிர்ந்துகொள்ளும், அதனால் அந்தத் துளி நைலானே பெரிய வித்தியாசம் செய்யும். கையுறையைக் கழற்றாமலே சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது என்பதால், ஓடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. குல்மார்க்குக்கு மெல்லிய காற்றுத் தடுப்புக் கையுறை ஒன்றே போதாது. காற்றுப் புகாது என்றால் தண்ணீரும் புகாது என்று பொருள் இல்லை. சவ்வு இருந்தாலும் தையல் துளைகள் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்காது. பனிச்சறுக்குக் கற்றுக்கொள்பவர்கள் முதல் நான்கைந்து நாள் விழுந்து எழுந்துகொண்டேதான் இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் பனியில் கையை ஊன்றித்தான் எழ வேண்டும். கைச்சூட்டில் அந்தப் பனி உருகி மெல்லிய கையுறைக்குள் இறங்கிவிடும். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கேபிள் காரில் ஏறினால் 3,900 மீட்டரைத் தாண்டிவிடலாம். அங்கே ஈரக் கையோடு வரிசையில் நிற்கக் கூடாது. ஆகவே சறுக்கு வகுப்புக்கு, தண்ணீர் புகாத, உள்ளே செயற்கைப் பஞ்சு வைத்த, ஜாக்கெட் கையின் மேல் ஏறி நிற்கிற நீளக் கையுறை தனியாக ஒன்று வேண்டும். ஓட்டம், நடை, சமதளச் சறுக்கு இவற்றுக்கு மெல்லியது. சமதளச் சறுக்கு கிட்டத்தட்ட ஓடுவது மாதிரி. அதில் தடித்த கையுறை போட்டால் மணாலிக் கதைதான் திரும்ப நடக்கும்.

அளவு கணக்கு ஒன்று சொல்கிறேன், என் அனுபவத்தில் வந்தது. ஓடிக்கொண்டிருந்தால், மைனஸ் 5 வரை மெல்லிய காற்றுத் தடுப்புக் கையுறை மட்டும் போதும். அதற்குக் கீழே, மெரினோ கம்பளியில் ஒரு மெல்லிய உள்ளுறை. மைனஸ் 12-க்குக் கீழே போனால், இரண்டுக்கும் மேலே, நான்கு விரலுக்கும் சேர்த்து ஒரே பையாக வரும் மிட்டன். உங்கள் விரல் சுபாவத்தில் குளிர்ச்சியானது என்றால் இந்த எண்களை நாலைந்து டிகிரி முன்னாலேயே வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி உள்ளுறை மட்டும் வேண்டவே வேண்டாம். நம் ஊருக்குப் பருத்தி போல ஒன்று கிடையாது, பனியில் அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது.

கையளவு எடுக்க, தையல்காரர் டேப்பால் கட்டைவிரலை விட்டுவிட்டு விரல் மூட்டுகளைச் சுற்றி அளந்து பாருங்கள். எழுதுகிற கையை அளக்க வேண்டும், அதுதான் பெரும்பாலும் ஒரு துளி பெரியது. 203 மில்லிமீட்டர் வந்தால் 8-ம் எண். மாலை வெக்கையில் கை சற்று வீங்கியிருக்கும், காலையில் அளப்பது நல்லது. உள்ளுறை போடுவதாக இருந்தால் அதைப் போட்டுக்கொண்டே மேலுறையைப் பாருங்கள். விரல் நுனியில் அரை சென்டிமீட்டருக்குள் இடம் இருக்க வேண்டும். முஷ்டி பிடித்தால் எங்கேயும் இறுக்கக் கூடாது. இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும், எத்தனை நல்ல துணியாக இருந்தாலும் விரல் குளிரும். போட்டபடியே மேசையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுக்க முடிகிறதா, ஜிப்பை இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் மலையில் அடிக்கடி கழற்றுவீர்கள், ஆபத்து அங்கேதான். மணிக்கட்டும் மூடியிருக்க வேண்டும். அங்கே ரத்தக்குழாய்கள் தோலுக்கு ரொம்பப் பக்கத்தில் ஓடுகின்றன.

பள்ளத்தூரில் இருந்தே நிறையச் சோதிக்கலாம். கடையிலேயே புறங்கைத் துணியில் வாயை அழுத்தி வைத்து ஊதுங்கள். மூச்சு அந்தப் பக்கம் தாராளமாகப் போனால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அது காற்றுத் தடுப்பு இல்லை. விரல் இடுக்குத் தையல்களிலும் ஊதிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கசியும். வாங்கிய பிறகு விடியற்காலையில் வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வாருங்கள், எந்த விரலில் காற்று ஏறுகிறது என்று தெரிந்துவிடும். வீட்டு ஃப்ரீசர் சரியாக வேலை செய்தால் உள்ளே மைனஸ் 18 இருக்கும். கையுறையோடு அதற்குள் கையை வைத்து ஒரு பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்துப் பாருங்கள். காற்று இல்லாத குளிரில் விரல் எவ்வளவு நேரம் தாங்குகிறது, எவ்வளவு லாவகமாக வேலை செய்கிறது என்பது புரியும். அப்புறம் ஒரு நாள் உங்கள் ஆறு கிலோமீட்டரை அதைப் போட்டுக்கொண்டே ஓடுங்கள். நம் ஊரில் நனையத்தான் செய்யும், பரவாயில்லை. வீட்டுக்கு வந்து வளவு நிழலில் தொங்கவிட்டு, காய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். மாலை வரை ஈரம் போகாத கையுறை குல்மார்க் அறையில் ஒரு ராத்திரியில் காயாது. துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சி வெளியேற்றும் தன்மையைக் கெடுத்துவிடும்.

உடம்பு விஷயமும் ஒன்று. சாதாரண ஏசி அறையிலேயே உங்கள் விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கிறதா? அது ரேநாட்ஸ் என்கிற ரத்தக்குழாய்ச் சுருக்கமாக இருக்கலாம். அப்படி இருந்தால் கையுறை வாங்குவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். மலையில் விரல் மரத்தால் முதலில் கையை முழு வீச்சில் சுழற்றுங்கள், ரத்தம் நுனிக்கு இறங்கும். அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள். பனியால் தேய்ப்பது, நெருப்பில் காட்டுவது இரண்டும் கூடாது. வெளுத்த இடத்தில் உணர்வு திரும்பாவிட்டால் கீழே இறங்கி மருத்துவ உதவிக்குப் போய்விட வேண்டும். காதும் தலையும் நெஞ்சும் மூடியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நடு உடம்பு குளிர்ந்தால், அதைக் காப்பாற்ற உடம்பு முதலில் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும்.

உங்கள் பையில் மெல்லியது இரண்டு ஜோடி, சறுக்குக்கு நீளமானது ஒன்று, ஒரு மிட்டன் இருக்கட்டும். மெல்லியது ஒரு ஜோடி நூறு கிராமுக்குள்தான் வரும், சுமையே இல்லை. ஏறும்போது ஒன்று நனைந்தால், நின்றவுடன் போட்டோவுக்கு முன்னால் அதைக் கழற்றிக் காய்ந்ததைப் போட்டு, மேலே மிட்டனை மாட்டிவிடுங்கள். கழற்றியதை ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வையுங்கள், பனி மேல் வைக்காதீர்கள். காற்று தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க மணிக்கட்டில் மாட்டும் கயிறு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இங்கேயே நம் தையல்காரரிடம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். குல்மார்க் விடுதிகளில் புகாரி என்று இரும்பு விறகு அடுப்பு வைத்திருப்பார்கள். அதன் மேல் கையுறையைக் காயப்போட்டால் தோல் வெடிக்கும், சவ்வை ஒட்டிய பசை இளகிவிடும். அடுப்பிலிருந்து தள்ளிக் கொடியில் தொங்கவிட்டு, தூங்கப் போகும்போது பாதி காய்ந்ததை எடுத்துப் போர்வைக்குள் வயிற்றருகே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கையை நுழைக்கும்போது உள்ளே கதகதப்பாக இருக்கும்.