மலைக்கு ஒரு எட்டு

வண்டிப் பட்டறை: வாசகர் கேள்வி பதில்
(காரைக்குடியில் 34 வருடமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் நடத்துபவர் பதில் சொல்கிறார்)

கேள்வி: அண்ணே, நாங்கள் நண்பர்கள் நான்கு பேர். எல்லோரும் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளில் கொல்லிமலை போய்வரத் திட்டம். இரண்டு 150 சிசி வண்டி, ஒரு 125 சிசி ஸ்கூட்டர். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ராத்திரியே கிளம்பி, விடியும்போது மலை ஏறினால் ஒரு நாள் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். யாருக்கும் மலைப்பாதையில் ஓட்டிய அனுபவம் இல்லை. என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: கடைசி வரியை முதலில் எழுதியிருக்கலாம் தம்பி. மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம்.

நம் ஊர் தட்டை பூமி. ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம். மலை என்றால் குன்றக்குடி, அதையும் படியேறித்தான் பார்க்கிறோம். திருமயம் ரோட்டில் நான்காவது கியரைப் போட்டால் அடுத்த ஊர் வரும் வரை கிளட்சைத் தொட வேண்டியதில்லை. அப்படியே ஓட்டிப் பழகிய கை, ஒரே நாளில் 70 கொண்டை ஊசி வளைவைப் பார்க்கப் போகிறது. காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்தால் ஒன்று முடிந்ததும் அடுத்தது. வால்பாறைக்கு ஆழியாறு வழியில் 40, ஏற்காட்டுக்கு 20. நீங்கள் எடுத்த எடுப்பிலேயே 70-இல் கை வைக்கிறீர்கள்.

வெள்ளி ராத்திரி கிளம்பும் யோசனையை விட்டுவிடுங்கள். பகலெல்லாம் வேலை பார்த்து, ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டி, தூக்கம் கண்ணை அழுத்தும் நேரத்தில் முதல் வளைவைப் பிடிப்பது மிச்சப் பிடிப்பு இல்லை. சனிக்கிழமை காலை நாலரைக்குக் கிளம்புங்கள். புதுக்கோட்டை, திருச்சி, அப்புறம் காவிரிக்கு வடகரையில் குணசீலம், முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல். அங்கிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. ஒரு வழிக்கே 200 கிலோமீட்டருக்கு மேல். முசிறியில் நாலு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் ஆத்தா கட்டிக்கொடுக்கும் பணியாரத்தை மலை ஏறிய பிறகு பிரியுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வளைவில் திரும்பினால் என்ன ஆகும் என்று பின்னால் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள். பெட்ரோலை நாமக்கல்லிலேயே முழுசாக நிரப்புங்கள்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு ஒரு வேலை இருக்கிறது. லைசென்ஸ் எடுக்க ஒரு எட்டு போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நம்மில் முக்கால்வாசிப் பேர் அதற்குப் பிறகு வாழ்நாளில் எட்டே போட்டதில்லை. ஊருணிக்குப் பக்கத்தில் எங்காவது பொட்டல் இருந்தால் அங்கே முதல் கியரில், பின்னால் ஆளை உட்கார வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது போடுங்கள். முன் சக்கரத்தைப் பார்க்காதீர்கள். எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே பாருங்கள். பார்வை போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள்.

ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவுதான் படுத்தும். நாம் உள்பக்கம் இருப்போம், அங்கேதான் ஏற்றம் செங்குத்து. வளைவுக்கு முன்னாலேயே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். பாதி வளைவில் கியரைத் தேடினால் வண்டி முக்கி நின்றுவிடும். இடது காலை ஊன்றப் போனால் தரை எதிர்பார்த்ததைவிடக் கீழே இருக்கும். நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுகிறவர்கள் எல்லாம் இப்படித்தான் விழுகிறார்கள். சட்டப்படி, இரண்டு வண்டிக்கு இடம் போதாத மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. ஆனால் மேலே இருந்து பஸ் வந்தால் சட்டம் பேசாதீர்கள். ரோட்டின் முழு அகலமும் இருந்தால்தான் பஸ் திரும்பும். ஹாரன் சத்தம் கேட்டதும் வளைவுக்கு முன்னாலேயே ஓரமாக நின்று அதை விட்டுவிட்டுப் போங்கள்.

ஏறுவதைப் பற்றி நான் இவ்வளவு சொன்னதே அதிகம். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் “வண்டி ஏறுமாண்ணே?” என்றுதான் கேட்கிறார்கள். நல்ல நிலையில் இருந்தால் 100 சிசி வண்டிகூட ஏறும். இறங்குமா என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியது இன்ஜின். பிரேக் அதற்கு உதவிக்குத்தான். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவது கியர், சில இடத்தில் முதல் கியர். கிளட்சைப் பிடிக்காமல், திராட்டிலை (ஆக்சிலேட்டரை) மூடினால் இன்ஜின் முனகிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து பாதிப் பேர் கிளட்சை அமுக்கிவிடுகிறார்கள். அமுக்கினால் பிடி போச்சு. வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். சாய்ந்து திரும்பும்போது முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. அதற்காக முன் பிரேக்கே தொடமாட்டேன் என்பது நம் ஊர் வியாதி. “முன் பிரேக் பிடித்தால் குப்புறத் தள்ளிவிடும்” என்று யாரோ சொன்னதை இன்னும் நம்பிக்கொண்டு, பின் பிரேக்கை மட்டும் காலால் மிதித்துக்கொண்டே இறங்குவார்கள். நாலைந்து கிலோமீட்டரில் அது சூடேறிப் பிடி விட்டுவிடும்.

இப்போது ஸ்கூட்டர் விஷயம். உங்கள் திட்டத்தில் எனக்குக் கவலை தருவது இதுதான். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் பிடிப்பு குறைவு. வேகம் நன்றாகக் குறைந்தால் உள்ளே இருக்கும் கிளட்ச் தானாகவே விட்டுவிடும், அப்புறம் வண்டி சும்மா உருளும். 70 வளைவும் பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் இறங்குகிறார்கள்தான். நீங்கள் மூன்றாவது வண்டியும் கியர் வண்டியாகப் பாருங்கள். கிடைக்கவில்லையா, ஸ்கூட்டரில் ஒரே ஆள், பத்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ஒரு டீ நேரம் ஆறவிட்டு இறங்கட்டும்.

பட்டறைக்கு எடுத்துப் போனால் இதைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்: பிரேக் ஷூ, டிஸ்க் பேட் கனம், டயரின் தேய்மானக் குறி, செயின் தளர்வு, கிளட்ச் கேபிள் பிசிறு. பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். அந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். மலை இறக்கத்தில் சூடு ஏறியதும் அந்த ஈரம் ஆவியாகிக் குமிழ் விடும். லிவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஊருக்குள் ஓட்டும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது.

என்னைக் கேட்டால், முதலில் ஒரு ஞாயிறு சிறுமலை போங்கள். திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம். நத்தம் – திண்டுக்கல் ரோட்டிலேயே, திண்டுக்கல் நெருங்கும்போது மலைப்பாதை பிரிகிறது. 18 வளைவு. காலையில் போய், ஒரு சீப்பு மலை வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, இருட்டும் முன் வீடு திரும்பலாம். இறங்கி முடித்ததும் உள்ளங்கை வலிக்கிறதா, கால் நடுங்குகிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அடுத்த மாதம் கொல்லிமலை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம்.

போகிற வழியில் பிரான்மலையைப் பார்ப்பீர்கள். பாரியின் பறம்புமலை அதுதான் என்பார்கள். கொல்லிமலை வல்வில் ஓரியுடையது. இரண்டு பேருமே கடையெழு வள்ளல்கள். பாரி முல்லைக்கொடிக்குத் தேரை விட்டுவிட்டுச் சும்மா வந்தார். நீங்கள் வண்டியோடு வர வேண்டும்.

கேள்வி: என் கணவர் வண்டியில் கொடைக்கானல் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். நான் எப்போதும் சேலை கட்டி ஒருபக்கமாகத்தான் உட்காருவேன். மலையில் அப்படி உட்காரலாமா? ஏதோ பாஸ் வாங்க வேண்டும் என்கிறார்களே?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: வேண்டாம் ஆச்சி. ஒருபக்கமாக உட்கார்ந்தால் உங்கள் எடை முழுக்க இடப்பக்கம். நேர் ரோட்டில் அவர் அதைக் கையால் சரிக்கட்டிவிடுவார். வலப்பக்கம் திரும்பும் வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும், உங்கள் எடை மறுபக்கம் இழுக்கும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் நீங்கள் பிடித்துக்கொள்ள அவர் தோளைத் தவிர ஒன்றும் இல்லை. சுடிதார் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள். துப்பட்டாவை முடிச்சுப் போட்டு உள்ளே சொருகிவிடுங்கள், செயினில் சிக்கும். வண்டி சாயும்போது நீங்கள் பயந்து எதிர்ப்பக்கம் நிமிராதீர்கள், அவரோடு சேர்ந்தே சாயுங்கள். உங்களுக்கும் ஐஎஸ்ஐ முத்திரை ஹெல்மெட் வேண்டும். சட்டமே அப்படித்தான்.

பாஸ் உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். பணம் கட்ட வேண்டாம், இணையத்தில் பதிந்தால் போதும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார இறுதியில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி என்று வரம்பு வேறு வைத்தார்கள். அதனால் கிளம்புகிற அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அங்கே தடை. வீட்டில் இருக்கும் எவர்சில்வர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே வியர்க்க வியர்க்கக் கிளம்பினாலும் அங்கே ஸ்வெட்டர் தேடுவீர்கள்.

கேள்வி: என்னிடம் பழைய இரும்பு இன்ஜின் புல்லட் இருக்கிறது. வயது எனக்கு 62, அதற்கு 35. மலை ஏற ஏற மூச்சு வாங்குகிறது (எனக்கு இல்லை). கார்புரேட்டரை அதற்குத் தகுந்த மாதிரி மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: ஐயா, மேலே போகப் போகக் காற்று லேசாகும். கார்புரேட்டர் அதை அறியாது, கீழே கொடுத்த பெட்ரோலையே மேலேயும் கொடுக்கும். காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகி வண்டி திணறும், பிளக் கறுக்கும். இப்போது வரும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் தாமே சரிசெய்துகொள்ளும். இரண்டு நாள் பயணத்துக்காக, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை எல்லாம் மாற்ற வேண்டாம். ஒரு மாற்று பிளக்கைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், காற்று ஃபில்டரைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள், போதும்.

வேறு ஒன்றுதான் முக்கியம். உங்கள் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கும். வழியில் மகனோ மருமகனோ “நான் கொஞ்ச தூரம் ஓட்டுகிறேன்” என்று கேட்டால் கொடுக்காதீர்கள். அவன் கால் பிரேக்கைத் தேடிக் கியரை மிதிக்கும். பாசம் வேறு, இறக்கம் வேறு.

கேள்வி: இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று என் மாமா சொல்கிறார். சரியா?
– ஒரு கல்லூரி மாணவர், கோட்டையூர்

பதில்: உங்கள் மாமாவும் நானும் ஒரே காலத்து ஆட்கள் போலிருக்கிறது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரிலேயே திராட்டிலை மூடி இறங்கினால், பெட்ரோல் போவதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் ஓடவிட்டால்தான் செலவு. இன்ஜினை அணைத்து உருட்டினால் பெட்ரோல் செலவில்லை, பிடியும் இல்லை. ஆக மாமா கணக்கில் மிச்சமாவது ஒன்றுமில்லை.

1994-இல் நானும் அந்தக் கணக்கைப் போட்டவன்தான். என் மச்சானைப் பின்னால் வைத்துக்கொண்டு கொல்லிமலையில் இருந்து இறங்கினேன். அவன் மடியில் 12 கிலோ பலாப்பழம். இன்ஜினை அணைத்துவிட்டேன். என்ன சுகம், சத்தமே இல்லாமல் காற்று மட்டும். இருபது வளைவு தாண்டியிருப்போம், ஏதோ கருகுகிற வாடை. யாரோ காட்டில் சருகு கொளுத்துகிறார்கள் என்று மச்சான் சொன்னான். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தேன், கால் முழுசாக இறங்கியது, வண்டி நிற்கவில்லை. பிரேக் டிரம் சூடேறி ஷூ பிடியே விட்டுவிட்டது. கியரில் தட்டிப் பார்த்தேன், விழவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்து மண்மேட்டில் கொண்டுபோய்ச் சொருகினேன். எனக்கு முட்டியில் சிராய்ப்பு, மச்சானுக்கு ஒன்றும் இல்லை. அவன் பழத்தை விட்டுவிட்டான். அது ரோட்டைத் தாண்டி, கைப்பிடிச் சுவர் இல்லாத இடமாகப் பார்த்து, கீழே இருந்த வளைவில் விழுந்து வெடித்தது.

ஒரு மணி நேரம் வண்டியை ஆறவிட்டு, இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே இறங்கி வந்தோம். அந்த வளைவுக்கு வந்தபோது பலாச்சுளையைக் குரங்குகள் பிரித்துத் தின்றுகொண்டிருந்தன. மச்சான் இறங்கி இரண்டு சுளை கேட்டுப் பார்த்தான். கொடுக்கவில்லை.