சூரியன் எதை வைக்குது?

வணக்கம் சார். என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. 'செட்'ங்கிற வெர்புக்கு அர்த்தம் கேட்டா, 'வை'ன்னு சொன்னேன். அப்ப 'சன் செட்ஸ்'னா சூரியன் எதை வைக்குதுன்னு கேக்குறா. என்ன சார் சொல்றது?
– ஒரு வாசகர், ஈரோடு

வணக்கம்.

பொண்ணு சரியாத்தான் மடக்கியிருக்கா. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய டிக்‌ஷனரியோட 1989 பதிப்புல இந்த ஒரு வெர்புக்கு மட்டும் 430 அர்த்தம், கிட்டத்தட்ட 60,000 வார்த்தை, தனியா ஒரு நாவலாவே பைண்ட் பண்ணிடலாம் (இப்ப முதலிடம் 'ரன்'னுக்குப் போயிடுச்சு).

அதையெல்லாம் மனப்பாடம் பண்ண வேணாம். ஓடு-ஓட்டு, திரும்பு-திருப்புன்னு தன்வினை பிறவினை படிச்சோமே ஞாபகம் இருக்கா, 'சிட்' தன்வினைன்னா 'செட்' அதோட பிறவினை, பழைய இங்கிலீஷ்லருந்தே அப்படித்தான். அதனால வெறும் 'வை' இல்ல, 'உக்கார வை'ன்னு சொல்லிக் குடுங்க. அலாரம் செட் பண்றப்ப முள்ளை அஞ்சு மணில உக்கார வைக்கிறோம். கை முறிஞ்சா டாக்டர் எலும்பை செட் பண்றார்னா, நகந்து போனதை அது இடத்துல உக்கார வைக்கிறார். மோதிரத்துல கல்லு பதிக்கிறதும் செட்டுதான்.

சூரியன் மட்டும் என்னன்னா, யாரும் உக்கார வைக்கல, அதுவே இறங்கிப் போய் உக்காந்துக்குது. தயிரும் அதே கதிதான். ராத்திரி வெதுவெதுப்பான பால்ல ஒரு ஸ்பூன் மோர் விட்டு மூடி வச்சா, காலைல பாத்திரத்தை லேசா சாய்ச்சாலும் அலுங்காம நிக்குது பாருங்க, அதுதான் 'செட்'. சிமெண்டுக்கும் இதே வார்த்தை.

செட் தோசை, பம்ப் செட் இதெல்லாம் வேற வம்சம், லத்தீன் 'செக்டா' பிரெஞ்சு வழியா வந்தது, பின்னாடி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடுச்சு.

'எனக்கும் அவனுக்கும் செட் ஆகல' மட்டும் நம்ம சொந்த சரக்கு. ஒரு தடவை லண்டன்காரர் ஒருத்தர்கிட்ட இதை அப்படியே 'வி டிட்னாட் செட்'டுன்னு சொல்லிட்டேன், மனுஷன் எந்த சிமெண்டைப் பத்திப் பேசுறேன்னு முழிச்சார்.

அப்புறம் ஒண்ணு, நேத்துன்னாலும் இன்னைக்குன்னாலும் அது 'செட்'டுதான், பொண்ணு பரீட்சைல 'செட்டட்'னு எழுதி வைக்கப் போறா, பாத்துக்குங்க.