ஒரே கட்டடம், இரண்டு வாசல்

அன்புள்ள ஐயா,
பல பண்பாடுகளையும் அரசு அங்கீகரித்தால் வன்முறை குறையும் என்று நம்பியிருந்தேன். கருத்தரங்குக் கட்டுரைக்காகப் படித்தபோது பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென், அரசியல் தத்துவவாதி பிரையன் பாரி போன்றவர்களே அதைக் குறை சொல்கிறார்கள். ஜெர்மன் சான்சலராக இருந்த மெர்க்கலும் 2010இல் அது அடியோடு தோற்றுவிட்டது என்றார். அப்படியானால் அகிம்சைக்கு வேறு என்ன வழி?
கே., மதுரை

அன்புள்ள கே.,

அமர்த்தியா சென் பக்கத்தில் மெர்க்கலைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறீர்களே, நியாயமா? அது கட்சி இளைஞர் அணிக் கூட்டத்தில் பேசியது. கருத்தரங்கில் அதைத் தத்துவம் என்று வாசித்துவிடாதீர்கள். பாரியின் கவலை சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. அது தனிக் கதை, விடுங்கள்.

சென்னின் கேள்விதான் எனக்கும் கொஞ்ச நாளாக மண்டைக்குள் ஓடுகிறது. 1944, டாக்கா. சிறுவனாக இருந்த அவர் வீட்டு வாசலுக்குள் கத்திக்குத்துப்பட்டு ரத்தம் ஒழுக வந்தார் காதர் மியா என்ற கூலித் தொழிலாளி. கலவர நேரத்தில் அந்தப் பக்கம் போகாதே என்று மனைவி தடுத்தும், வீட்டில் சாப்பிட ஒன்றும் இல்லாததால் வேலைக்கு வந்தவர். குத்தியவன் கண்ணுக்கு அவர் பசியோ குடும்பமோ தெரியவில்லை. முஸ்லிம் என்பது மட்டும் தெரிந்தது. அமைதிக்காக என்று சொல்லிக்கொண்டு அரசும் அப்படியே பார்க்க ஆரம்பித்தால்? பிரிட்டனில் அரசு மதப் பள்ளிகளை வளர்த்ததை சென் எதிர்த்தது இதனால்தான். பண்பாடே வேண்டாம் என்று அவர் எங்கே சொன்னார்?

ஐரோப்பாவில் உள்ள போஸ்னியாவைப் பாருங்கள். (இதை ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஏறக்குறைய ஒரு லட்சம் பேரைக் கொன்ற போரை 1995இல் டேட்டன் ஒப்பந்தம் நிறுத்தியது. பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அதிபர் பதவியையே போஸ்னியாக் (அங்குள்ள முஸ்லிம்கள்), செர்பியர், குரோவாட் என்று மூன்றாகப் பங்கு போட்டார்கள். இந்த மூன்றிலும் சேராத ரோமா (ஜிப்சி) இனத்தவர் ஒருவரும் யூதர் ஒருவரும், நாங்கள் ஏன் போட்டியிடக் கூடாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2009இல் ஜெயித்தார்கள். தீர்ப்பு வந்தும் அரசியல் சாசனத்தில் அந்தப் பங்கீடு அப்படியே கிடக்கிறது.

பள்ளிக்கூடம் இன்னும் மோசம். 50க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு நிர்வாகம், இரண்டு பாடத்திட்டம், இரண்டு வரலாறு. சில ஊர்களில் வாசலும் இரண்டு. சில இடங்களில் ஒரு இனத்துக்குக் காலை ஷிஃப்ட், இன்னொன்றுக்கு மதியம். போருக்குப் பிறகு பிறந்த பிள்ளை, அதே கட்டடத்தில் படிக்கும் இன்னொரு பிள்ளையின் பெயர்கூடத் தெரியாமல் படிப்பை முடித்துவிடலாம். கேட்டால் பண்பாட்டைக் காப்பாற்றுகிறோம் என்பார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை, சரி. இதற்குப் பெயர் அகிம்சையா? 1946இல் இந்து-முஸ்லிம் கலவரம் நடந்த நவகாளிக்குக் காந்தி போனது நடுவே வேலி போடவா?

வேறு என்ன வழி என்று மருந்துக் கடையில் மாத்திரை கேட்பதுபோல் கேட்கிறீர்கள். படிக்கிற பிள்ளை இப்படிக் கேட்கலாமா? போஸ்னியாவில் யாய்ட்சே என்ற சின்ன ஊரில், 2016இல், இனவாரியாகத் தனிப் பள்ளி திறக்கப் பார்த்தபோது மாணவர்களே தெருவில் இறங்கினார்கள். மறுவருஷம் திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் மதத்தையோ மொழியையோ விடச் சம்மதிக்கவில்லை. பக்கத்து பெஞ்சைக் கேட்டார்கள், அவ்வளவுதான். உங்கள் கட்டுரையில் மெர்க்கலை எடுத்துவிட்டு அந்த இடத்தை இவர்களுக்குக் கொடுங்கள். முடித்ததும் அனுப்புங்கள், வாசிக்கிறேன்.