மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம்; அம்மாவுக்கு முழங்கால் 80 டிகிரிதான் மடங்குகிறது, வாக்கரை விட்டு நடக்கவும் பயப்படுகிறார். என்ன செய்யலாம்?

எனக்கு 63 வயதில் வலது முழங்காலை மாற்றினார்கள். இரண்டு வருடம் ஆகிறது. நான் செய்த தவறு உங்கள் அம்மாவுக்கு நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "எவ்வளவு மடங்குகிறது?" என்றே கேட்டார்கள். கால் முழுதாக நீள்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் அதை நினைக்காமல், முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துச் சுகமாகப் படுத்திருந்தேன். பத்தாம் நாள் பிசியோதெரபி செய்ய வந்த தம்பி தலையணையை உருவிவிட்டு, காலுக்கும் மெத்தைக்கும் நடுவே கையை விட்டார். உள்ளங்கை தாராளமாக நுழைந்தது. "இந்த இடைவெளி போகணும்மா" என்று சொல்லி, ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். தொடையை இறுக்கி முழங்காலைக் கீழே அழுத்தி ஐந்து எண்ண வேண்டும். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் கால் நீளாவிட்டால் நொண்டல் போகாது. வளைந்த காலில் நின்று நின்று தொடைத் தசை சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

மடக்குவதற்கு வருகிறேன். படி ஏற இறங்க ஏறக்குறைய 90 டிகிரி வேண்டும், தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழ இன்னும் கொஞ்சம் வேண்டும். ஐந்து வாரத்தில் 80 என்றால் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் காட்டுங்கள். இறுக்கம் தளரவில்லை என்றால் மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிடுவதும் உண்டு. அதை முதல் மூன்று மாதத்துக்குள் செய்வதுதான் நல்லது. வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை ஒரு பிளாஸ்டிக் கவர் மேல் வைத்துப் பின்னுக்கு இழுக்கச் சொல்லுங்கள். மருத்துவர் கொடுத்த வலி மாத்திரையை அரை மணி நேரம் முன்னதாகப் போட்டுக்கொண்டால் பயிற்சி தாங்கும். முடித்ததும் துணியில் சுற்றிய ஐஸ், கால் மணி நேரம்.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது, தடி நல்ல கால் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். நான் ஒரு வாரம் மாற்றிப் பிடித்திருந்தேன். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.

தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்திருப்பதும், மூட்டு மாதக்கணக்கில் கதகதவென்று இருப்பதும் வழக்கம்தான். ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, காய்ச்சலோடு தையலில் நீர் கசிந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அரிவாள்மனையை நான் மேலே எடுத்து வைத்துவிட்டேன்; காய் நறுக்குவது இப்போது மேசையில், கத்தியால். தரையில் சம்மணமிட வேண்டாம் என்று மருத்துவர் சொன்னபோது மனம் கனத்தது உண்மை. மூன்றாம் மாதம் வாசலில் நின்றபடியே குனிந்து ஐந்து புள்ளிக் கோலம் போட்டேன். அன்று கைத்தடி கதவோரம் சாய்ந்திருந்தது.

இன்று இரவு அம்மா படுத்ததும் முழங்காலுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். நுழைந்தால், தலையணையை எடுத்துவிட்டுக் குதிகாலுக்குத் துண்டை வையுங்கள்.