மகள் ஆம்புலன்ஸ் வேலைக்குப் போகிறேன் என்கிறாள்: ஓராண்டு கோர்ஸில் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு. ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர் ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். ஒரு தனியார் நிறுவனத்தில் விசாரித்தோம். ஒரு வருடம் படித்தால் 108-இல் சேர்ந்துவிடலாம் என்கிறார்கள். நர்ஸிங் சேர்ப்பது என்பது எங்கள் எண்ணம். ராத்திரி வேலை, ரத்தம், விபத்து என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, பெண் பிள்ளைக்கு இந்த வேலை சரிவருமா என்ற பயத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 108 சேவை 2008-இல் தொடங்கியது. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ஓட்டுநர் இருப்பார், 'பைலட்' என்பார்கள். இன்னொருவர் ஈ.எம்.டி. எனப்படும் மருத்துவ உதவியாளர். வரும் அழைப்புகளில் கர்ப்பிணிகளுக்கானவை பெரும்பங்கு என்பதால் பெண் ஈ.எம்.டி.க்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் பயப்பட வேண்டியது அந்த ஓராண்டு கோர்ஸைப் பற்றித்தான்.

108-க்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள். மருத்துவ உதவியாளருக்கு வழக்கமாகக் கேட்பது பி.எஸ்சி. நர்ஸிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். என்ற நர்ஸிங் படிப்புகள், டி.எம்.எல்.டி. என்ற ஆய்வக டிப்ளமோ ஆகியவற்றில் ஒன்று, இல்லையென்றால் விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பாடத்தில் பி.எஸ்சி. வயது 19 முதல் 30 வரை. எழுத்துத் தேர்வும், உடற்கூறியல், முதலுதவி பற்றிய நேர்காணலும் உண்டு. தேர்வானவர்களுக்குச் சுமார் 50 நாள் பயிற்சியை அவர்களே கொடுக்கிறார்கள். நிறுவனத்தார் காட்டும் சான்றிதழின் பெயர் அந்த அறிவிப்பில் இருக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் பணம் கட்டாதீர்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 108-ஐ அரசுக்காக ஒரு தனியார் அமைப்பு நடத்துகிறது. அதில் சேருபவர் அந்த அமைப்பின் ஊழியர், அரசு ஊழியர் அல்ல. 'அரசு வேலை' என்று ஆசை காட்டுபவர்களை நம்பாதீர்கள்.

2021-இல் வந்த துணை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இந்தத் துறையை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறது. ஆம்புலன்ஸ் தொழிலும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. துணை மருத்துவத் தொழிலராகக் கருதப்பட 2 முதல் 4 ஆண்டுகளில் பரவிய, குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு வேண்டும். அதற்கு மேல்படியான சுகாதாரத் தொழிலர் என்றால் 3 முதல் 6 ஆண்டுகளில் குறைந்தது 3600 மணி நேரம். ஓராண்டுச் சான்றிதழ் இந்த இரண்டு அளவுக்கும் எட்டாது. இன்று வேலை கிடைத்தாலும், நாளைக்குப் பதிவு கேட்கும்போது உங்கள் மகள் வெளியே நிற்க வேண்டிவரலாம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் ஓராண்டு எமர்ஜென்சி கேர் டெக்னீஷியன் சான்றிதழ் மருத்துவமனைக்குள் வைத்துக் கற்றுக்கொடுப்பதால் பயிற்சி என்ற அளவில் மேலானது. ஆனாலும் பட்டம் படிக்க வாய்ப்பிருக்கும் பிள்ளைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

பட்டம் என்றால், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. ஆக்ஸிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி இருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்தான் பேசும். விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் இந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டை வரிக்கு வரி படியுங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கூடவே இருக்கும் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு ஒரு மணிக்கு எத்தனை நோயாளிகள் வருகிறார்கள் என்று கேளுங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைத் தரம்பிரிக்கும் 'டி.ஏ.ஈ.ஐ.' (TAEI) எனப்படும் விபத்து, அவசர சிகிச்சைத் திட்ட மையமா அது? மாணவர்களை எத்தனை மணி நேரம் ஆம்புலன்ஸில் அனுப்புகிறார்கள்? இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி மூச்சு கொடுக்கும் சி.பி.ஆர். முதலுதவியைப் பழக எத்தனை பொம்மைகள் இருக்கின்றன? அறுபது பேருக்கு ஒரே பொம்மை என்றால் அந்த இடத்தில் கை பழகாது.

கை பழகுவதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஓடும் வண்டியின் பின்புறத்தில் உங்கள் மகள் தனியாக இருப்பாள். சி.பி.ஆர். என்றால் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு. மருத்துவமனையில் இதை மூன்று நான்கு பேர் மாற்றி மாற்றிச் செய்வார்கள். மூச்சுக் குழாய் போட்ட பிறகு ஆறு நொடிக்கு ஒரு மூச்சு போதும். பதற்றத்தில், மூச்சு கொடுக்கும் பையை வேகமாக அழுத்துவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்துபோகும். முகமூடி ஒரு கையால் சரியாகப் பொருந்தாமல் காற்று பக்கவாட்டில் கசிவது இன்னொரு தொல்லை. இதெல்லாம் புத்தகத்தில் வராது, பழக்கத்தில்தான் வரும்.

கணக்கும் தெரிய வேண்டும். 'பி' டைப் ஆக்ஸிஜன் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால் 100 நிமிடம் வரும். பாதிதான் இருக்கிறது என்றால் 50 நிமிடம். தேனியிலிருந்து மதுரைக்கு நோயாளியை மாற்றினால் உசிலம்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே தீர்ந்துவிடும். ஷிப்டு மாறியதும் முதல் வேலையாக அழுத்தமானியைப் பார்ப்பவர்தான் நல்ல ஈ.எம்.டி.

ரத்தம் பீறிட்டால் நேரடியாக அழுத்திப் பிடிப்பது முதல் வழி. கை, காலில் அது நிற்கவில்லை என்றால் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே டூர்னிக்கே என்ற இறுக்குப் பட்டையைக் கட்டி, கட்டிய நேரத்தை எழுத வேண்டும். பாம்புக்கடிக்கோ அதற்கு நேர்மாறு, கட்டவே கூடாது. ஆனால் வீட்டார் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்திருப்பார்கள். பதறிப்போய் வழியிலேயே சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாகப் பரவலாம். விஷமுறிவு மருந்தும் டாக்டரும் இருக்கும் இடத்தில்தான் அவிழ்க்க வேண்டும். அதுவரை காலை அசையாமல் கட்டை வைத்துக் கட்டி, வேகமாகப் போவதுதான் சிகிச்சை. வழியில் பிரசவம் ஆகிவிட்டால் வண்டியை ஓரங்கட்டி, குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்போடு அணைத்து வைத்துவிட்டு, ஒரு நிமிடமாவது கழித்துத் தொப்புள்கொடியைக் கிளிப் போட வேண்டும். மருந்து கொடுக்கும் முன் கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் போனில் உத்தரவு வாங்கி, பதிவுத்தாளில் எழுத வேண்டும்.

இந்த வேலையில் சண்டை வரும் இடம் பெரும்பாலும் எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதில்தான். தலையில் அடிபட்டவரை, சி.டி. ஸ்கேன் இல்லாத பக்கத்து மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்லி உறவினர்கள் நெருக்குவார்கள். அங்கிருந்து இன்னொரு வண்டி பிடித்து மாற்றுவதற்குள் பொன்னான நேரம் கரையும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். இதை நிதானமாக எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைக்கும் பேச்சுத் திறமையும் வேலையில் பாதி. உங்கள் மகள் கூச்ச சுபாவம் என்றால் இப்போதிருந்தே பேசப் பழக்குங்கள்.

ஷிப்டு 12 மணி நேரம். பணியிடம் எந்த மாவட்டத்திலும் கிடைக்கலாம். ஸ்ட்ரெச்சர் தூக்கித் தூக்கி இடுப்பு போனவர்கள் இந்தத் துறையில் நிறைய, எனவே முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு ஒட்டித் தூக்கும் முறையை முதல் நாளே கற்க வேண்டும். கல்லூரியில் சேருமுன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 0, 1, 6 மாதக் கணக்கில் போடத் தொடங்கிவிடுங்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி தன் கையில் குத்திவிட்டால் மறைக்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை.

இனி நர்ஸிங்கா இதுவா என்பது. மகளுக்கு உறுதியில்லை என்று சிறு சந்தேகம் உங்களுக்கு இருந்தாலும் பி.எஸ்சி. நர்ஸிங்தான். நர்ஸிங் கவுன்சில் பதிவு, எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் அரசுப் பணிக்கு வாய்ப்பு, 108-இன் தகுதிப் பட்டியலிலும் இடம் என்று மூன்று கதவும் திறந்திருக்கும். ஆம்புலன்ஸைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டாது என்றால் மேலே சொன்ன பட்டம். வெளிநாட்டு ஆசை இருந்தால் பட்டம் இல்லாமல் யோசிக்கவே வேண்டாம். பிரிட்டனில் பாராமெடிக்காகப் பதிவு செய்யும் எச்.சி.பி.சி. அமைப்பு, ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுபவர்களிடம் மொத்தம் 7.0, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையாமல் கேட்கிறது. வளைகுடா நாடுகளில் சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் வழியாக, படித்த இடத்திடமே நேரடியாகச் சரிபார்ப்பார்கள். இரண்டு அறையில் நடந்து மூடிப்போன நிறுவனத்தின் சான்றிதழ் அங்கே செல்லாது.

கலந்தாய்வு தொடங்குமுன் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அல்லது செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவி வகுப்பு ஒன்றில் மகளைச் சேர்த்துவிடுங்கள். முடித்து வந்ததும், காயத்துக்குக் கட்டுப் போடும் முன் முதலில் எதைப் பார்ப்பாய் என்று கேளுங்கள். அந்த இடம் தனக்குப் பாதுகாப்பா, நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா என்று அவள் வரிசையாகச் சொன்னால் விண்ணப்பத்தில் அந்தப் படிப்பை முதல் விருப்பமாகவே குறியுங்கள்.