நிலக்கரி ரயிலுக்கு மின்சாரம் எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மும்பை–புனே இடையிலுள்ள போர் காட் மலை ரயில்பாதை மின்மயமானது குறித்த தங்கள் கட்டுரையை வாசித்தேன். அமெரிக்காவின் வர்ஜீனியன் ரயில்வேயையும் அதில் ஒரு வரி குறிப்பிட்டிருந்தீர்கள். நிலக்கரி கொண்டுபோவதற்கென்றே போட்ட பாதை அது. எரிபொருள் சுரங்க வாசலிலேயே கிடைக்கும்போது ஒன்றரைக் கோடி டாலர் செலவழித்துக் கம்பி இழுத்தது ஏன்? 1962-இல் அதை நிறுத்தியும் விட்டார்கள். மின்மயம் அங்கே தோற்றது என்றுதானே பொருள்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

மின்சாரம் வந்த பிறகும் அவர்கள் எரித்தது நிலக்கரியைத்தான். நியூ ஆற்றங்கரையில் நேரோஸ் என்ற ஊரில் சொந்தமாக மின் நிலையம் கட்டி அங்கே எரித்தார்கள். ஆகவே எரிபொருள் செலவு இதில் முக்கியமல்ல. மலைதான் அவர்களைப் படுத்தியது.

மேற்கு வர்ஜீனியாவில் மல்லன்ஸ் ஊரை ஒட்டிய எல்மோர் யார்டிலிருந்து கிளார்க்ஸ் கேப் வரை ஏற்றம். அதன் பெரும்பகுதி நூறு அடிக்கு இரண்டடிக்குச் சற்று அதிகமாக உயர்கிறது. சாலையில் இது ஒரு ஏற்றமே அல்ல. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஆயிரக்கணக்கான டன்னை இழுக்கும்போது கொடுமையான ஏற்றம். அதுவும் ஒற்றைப் பாதை, நடுவே சுரங்கவழிகள். ஒரு ரயில் ஊர்ந்தால் பின்னால் வரும் சுமை ரயிலும் எதிரே வரும் காலி ரயிலும் காத்துக்கிடக்க வேண்டும்.

நீராவியால் இதை வெல்ல அவர்கள் செய்யாத முயற்சி இல்லை. 1916-இல் பால்ட்வின் தொழிற்சாலை மூன்று தொகுதி இயக்கச் சக்கரங்கள் கொண்ட ‘டிரிப்ளெக்ஸ்’ எஞ்சினைக் கட்டிக் கொடுத்தது. ஆறு சிலிண்டர்களின் பசிக்குப் பாய்லரால் நீராவி தரமுடியவில்லை; 1920-இல் அதைத் திருப்பி அனுப்பி இரண்டு எஞ்சின்களாகப் பிரித்தார்கள். 1918-இல் வந்த ‘ஏ.இ.’ வகை எஞ்சின்களின் முன்பக்கச் சிலிண்டர் 48 அங்குல விட்டம். அந்த அகலத்தோடு மற்ற ரயில்பாதைகளில் வரமுடியாது என்பதால் சிலிண்டர்களைக் கழற்றித் தனியாக அனுப்ப வேண்டியிருந்தது. அவை நன்றாக உழைத்தன. ஆனாலும் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்று எஞ்சின்கள் சேர்ந்து சுமார் 5,500 டன்னை மணிக்குப் பதினோரு கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏற்றின. நீராவி எஞ்சின் தன் அடுப்பையும் தண்ணீரையும் தானே சுமந்துகொண்டு ஏற வேண்டும். அதைவிடப் பெரிய பாய்லருக்கு அந்தப் பாதையில் இடமில்லை.

அடுப்பைக் கீழே ஆற்றங்கரையில் வைத்துவிட்டு ஏறினால் என்ன? 1925-இல் மின்சார ஓட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு மல்லன்ஸ் முதல் ரோனோக் வரை 134 மைலும் கம்பிக்குக் கீழே வந்துவிட்டது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரு மின்சார எஞ்சின்கள் 6,000 டன்னை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஏற்றின. பாதையை இரட்டிப்பாக்காமலே அதன் கொள்திறன் கூடியது. கொட்டிய பணம் இதற்காகத்தான்.

அந்த எஞ்சின்களின் உள்ளே நடந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கம்பியில் வந்தது 11,000 வோல்ட் ஒருமுனை மின்சாரம். எஞ்சினுக்குள் சுழலும் ஒரு கனத்த இயந்திரம் அதை மும்முனையாக்கித் தூண்டல் மோட்டார்களுக்குக் கொடுத்தது. மணிக்கு 14 மைல் (சுமார் 22 கி.மீ.), 28 மைல் (சுமார் 45 கி.மீ.) என இரண்டே வேகங்கள். இறக்கத்தில் சுமை தள்ளும்போது அதே மோட்டார்கள் ஜெனரேட்டராக மாறி ரயிலின் வேகம் கூடாமல் பிடித்துக்கொண்டன. பிரேக் கட்டைகள் பழுக்கக் காய்வது குறைந்தது, மின்சாரமும் கம்பிக்குத் திரும்பியது. நம் இந்திய ரயில்வேயின் டபிள்யூ.ஏ.ஜி-9 சரக்கு எஞ்சின் இதே ஒருமுனை–மும்முனை மாற்றத்தை மின்னணுக் கருவிகளால் செய்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தோற்றது என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். 1959-இல் வர்ஜீனியனை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் தன்னோடு இணைத்துக்கொண்டது. அந்தக் கம்பெனியும் 1915-லேயே தன் எல்க்ஹார்ன் ஏற்றத்தை மின்மயமாக்கியிருந்தது. 1950-இல் சரிவு குறைந்த புதிய சுரங்கவழி திறந்ததும் கம்பியை எடுத்துவிட்டது. அங்கே மலையே இளகிவிட்டது, சரி. இங்கே நடந்தது வேறு. அருகருகே ஓடிய இரு கம்பெனிப் பாதைகளும் ஒரே கையில் வந்ததும், போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று பெரும்பாலும் பிரித்தார்கள். கம்பி இருந்தது ஒன்றில் மட்டும். அதில் போன எஞ்சின் மறு பாதையில் தன் பலத்தில் திரும்பமுடியாது. டீசல் எஞ்சினுக்கு அந்தத் தொல்லை இல்லை. கணக்குப்பிள்ளையின் இடத்திலிருந்து பார்த்தால் முடிவு புரிகிறது. ஆனால் 1956–57-இல்தான் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடமிருந்து பாதரச ரெக்டிஃபையர் (மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் கருவி) பொருத்திய பன்னிரண்டு புதிய எஞ்சின்கள் வந்திருந்தன என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த எஞ்சின்களை 1963-இல் நியூ ஹேவன் ரயில்வே வாங்கிக்கொண்டது. அங்கும் அதே 11,000 வோல்ட் கம்பி. பிறகு பென் சென்ட்ரல், கான்ரெயில் என்று கைமாறி, 1981 வரை சரக்கு ரயில்களை இழுத்தன.

அன்புடன்.